ஜன்னலுக்கு மிஞ்சிய துணி

என் அத்தான் சும்மா இருக்கப் பழகிக்கொண்டிருந்த மாதத்தில்தான் நான் விடுப்பில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தவர் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது.

"வா மச்சான். நான் சும்மாதான் இருக்கேன்" என்றார்.

அவருக்குப் பின்னால் கூடத்து மின்விசிறி மூன்று பாகமாகத் தரையில் கிடந்தது. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகு அக்கா சொன்னாள்.

பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து முப்பத்தாறில் வெளியே வந்தவர் அத்தான். தலையில் ஒரு முடி நரைக்கும் முன்பே 'முன்னாள்' என்ற சொல் அவரோடு ஒட்டிக்கொண்டது. தெருவில் அவருக்குப் 'பட்டாளம்' என்றுதான் பெயர். துப்பாக்கிக் கதை கேட்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அவர் இருந்தது பாலம் போடும் பிரிவு. ஆறு குறுக்கிட்டால் இரும்புச் சட்டங்களைக் கோத்துப் பாலம் போட வேண்டும். வண்டிகள் கடந்ததும் ஒரு சட்டம் விடாமல் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த ஆற்றுக்குக் கிளம்ப வேண்டும். "அத்தனை வருஷம் பாலம் போட்டிருக்கேன். இன்னிக்குப் போய்ப் பார்த்தா ஒண்ணுகூட இருக்காது" என்பார். பெருமைப்படுகிறாரா, குறைபட்டுக்கொள்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

வெளியே வந்த பிறகு ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. எந்த லாரியில் எதை எப்படி ஏற்றுவது என்று சொல்வதுதான் அவர் பாடு. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டிவிட்டார். ஆனால் அந்த வேலையில் சேரும்போதே அதை விடும் வயதையும் தீர்மானித்து வைத்திருந்தார். நாற்பத்தைந்து.

"பதினெட்டு வயசுலேர்ந்து எவனோ விசில் ஊதி நான் எழுந்திருக்கேன். நாப்பத்தஞ்சுக்கு அப்புறம் விசில் என் கையில. ஊதவும் மாட்டேன்."

இப்போது அவருக்கு நாற்பத்து நாலு. நான் அவரைவிட நாலைந்து வயது சின்னவன். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வளைந்தவன். எந்தக் காலையில் எந்த மின்னஞ்சலில் வேலை போகும் என்ற பயத்தோடு பல் தேய்ப்பவன். அத்தானின் திட்டம் பலித்தால் நமக்கும் ஒரு கதவு திறக்கும் என்ற நப்பாசை எனக்கு உண்டு. அதனால் அந்த மாதம் அவர் பின்னாலேயே சுற்றினேன்.

திட்டத்தில் பாதி வேலை முடிந்திருந்தது. மூன்று மணி நேர பஸ் பயணத்தில் ஓர் அணைக்கட்டு. அதன் கரையில் அவருடைய பழைய பட்டாளத்து நண்பர் இரண்டு வீடுகள் கட்டியிருந்தார். முதல் பயிற்சியிலேயே பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்து கையைக் காலை அடித்துக்கொண்டு கரையேறியதால் அவருக்கு 'வாத்து' என்று பெயர். ஒரு வீட்டில் வாத்து இருந்தார். இன்னொன்று அத்தானுக்கு. இந்த மாதக் கடைசிக்குள் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று வாத்து நாள் தவறாமல் போனில் மிரட்டிக்கொண்டிருந்தார்.

உறுதி சொல்வதற்கு முன்னால் அத்தான் ஓர் ஒத்திகை பார்க்க நினைத்தார். அது அவர்கள் பிரிவின் பழக்கம். எந்தப் பாலத்தையும் முதலில் வறண்ட தரையில் போட்டுப் பார்ப்பார்களாம். தரையில் நின்றால்தான் தண்ணீருக்கு மேல் போகும். அதனால் கிடங்கில் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு, ஓய்வு பெற்றுவிட்டவராகவே வாழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அலாரம் கிடையாது. கிடங்கிலிருந்து போன் வந்தால் எடுப்பது கிடையாது. அவசரம் என்ற சொல்லுக்கு வீட்டில் தடை.

அலாரம் இல்லாததால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அலாரம் அடிக்கிற நேரத்துக்கு முன்னாலேயே எழுந்துகொண்டார். எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். மின்விசிறியை மாட்டினார். குழாய்களைக் கழற்றினார். பக்கத்து வீட்டுக் கேட் கிறீச்சிடுகிறது என்று கேட்காமலேயே போய் எண்ணெய் விட்டார். நான் காலைக் கடன்களை முடித்துவிட்டு வருவதற்குள் என் பெட்டியின் சக்கரத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லைன்னு சொல்வாங்களே, அது அப்பாதான் மாமா" என்றாள் அக்கா மகள். பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். வாய் அவள் அப்பாவையே தூக்கி லாரியில் ஏற்றிவிடும்.

"அதிகாரிய நாய்ங்கறா. பார்த்துக்க மச்சான்."

"நான் எங்கப்பா உங்களைச் சொன்னேன். நாயைப் பத்திப் பொதுவா சொன்னேன்."

இரண்டாவது வாரம் அத்தான் சமையலறைக்குள் நுழைந்தார். அதுதான் எல்லை தாண்டியது.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியன். அங்கே ஒரே விதிதான்: முதலில் வந்த பை முதலில் வெளியே போக வேண்டும், பழையது எப்போதும் முன்னால். அவள் சமையலறை அலமாரியும் அந்த விதிப்படிதான் இருந்தது. பழைய பருப்பு முன்னால், புதுப் பருப்பு பின்னால். அத்தான் அதை லாரி விதிப்படி மாற்றினார். கனமானவை அடியில், தினம் எடுப்பவை வாசல் பக்கம், கடைசியில் வேண்டியவை ஆழத்தில். ஒவ்வொரு டப்பாவிலும் பேர் எழுதி ஒட்டினார். வேலை முடித்து வந்த அக்கா சர்க்கரையைத் தேடினாள்.

"சர்க்கரை எங்கேங்க?"

"எல்லாத்துக்கும் கீழ. கனமா இருந்துச்சு."

"நான் டீ போடணும்."

"டீக்குச் சர்க்கரை கடைசியாத்தானே போடுவே? கடைசியில வேணுங்கறது உள்ள இருக்கணும்."

அக்கா சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, "சரி" என்றாள்.

அந்தச் 'சரி' எனக்குப் பழக்கமானது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அடிக்கடி கேட்ட சொல் அதுதான். இடமாற்றல் உத்தரவு வரும். அத்தான் வாசலில் நின்றபடியே ஊர் பேரைச் சொல்வார். "சரிதானே?" என்பார். "சரி" என்பாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை, கண் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை, அப்புறம் ஏதோ மலைமேல் மூன்று அறை மருத்துவமனை, இப்படி ஐந்து இடம். எங்கேயும் வேரூன்றும் முன்பே பெட்டி கட்டினாள். ஒவ்வொரு முறையும் தன் இடத்துக்கு வருகிறவளுக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். இந்த ரத்த வங்கியில்தான் ஏழு வருஷமாக நிலையாக இருக்கிறாள்.

அவர்கள் இப்போது இருப்பது சொந்த வீடு. ஆனால் பட்டாளத்துக் குவார்ட்டர்ஸ் அவர்களை விட்டுப் போகவில்லை. சுவரில் ஓர் ஆணி கிடையாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது ஆள் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, ஆணி ஓட்டை இருந்தால் சம்பளத்தில் பிடிப்பானாம். அந்தப் பயத்தில் கல்யாணப் படம்கூட மேஜைமேல் சுவரில் சாய்ந்து நின்றது. திரைச்சீலைகள் ஜன்னல் சட்டத்தின் இரண்டு மூலையிலும் சுருள் கம்பி கட்டி, அதில் தொங்கின.

அந்தத் திரைச்சீலைகளுக்கு ஒரு கதை உண்டு. பச்சை இலை போட்ட துணி. அக்கா கல்யாணத்தின்போது வாங்கியது. பட்டாளத்து வீட்டுப் பெண்கள் திரைத்துணியை வெட்டவே மாட்டார்கள். ஓர் ஊர் ஜன்னல் இடுப்பு உயரம் இருக்கும், இன்னோர் ஊர் ஜன்னல் ஆள் உயரம் இருக்கும். அதனால் மிஞ்சிய துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார்கள். குட்டை ஜன்னலென்றால் மடிப்பைக் கூட்டு, நெட்டை ஜன்னலென்றால் பிரித்து விடு. மடித்த இடத்திலெல்லாம் சாயம் வேறு மாதிரி வெளுத்துக் கோடு விழுந்துவிடும். நான் தங்கியிருந்த முன்னறைத் திரையில் அப்படி வரிவரியாக இருந்தது. அக்கா மகள் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது ரயில் சத்தம் வீடு. இது தண்ணி வராத வீடு. இது எனக்கு அம்மை போட்ட வீடு."

"எல்லாத்தையும்விட நெட்டை ஜன்னல் எது?"

"மலை வீடு. அது இன்னும் கீழ இருந்தது…" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அம்மாவைக் கேளுங்க மாமா. எனக்கு டியூஷன்."

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் அக்கா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போக, கொடுத்துவிட்டு வர ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரே நேரத்தில் காதில் போன், கையில் ஒரு பை, கண் குளிர்பெட்டியின் எண்ணில். குரல் உயரவில்லை. ஆனால் அவள் திரும்பிய பக்கமெல்லாம் ஆட்கள் நகர்ந்தார்கள். வீட்டில் சர்க்கரை இல்லாமல் டீ குடித்தவள் இவள்தானா என்று இருந்தது.

கண்ணாடியை வாங்க வந்த பெண், "நீங்க மேடத்தோட தம்பியா? அடுத்த மாசத்துலேர்ந்து அவங்கதான் எங்களுக்கு இன்சார்ஜ். எங்களுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த மாதம். அத்தான் அணைக்கட்டுக்கு உறுதி சொல்லப்போவது இந்த மாதக் கடைசியில்.

அக்கா வெளியே வந்ததும் கேட்டேன்.

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"இல்லை."

"ஏன்க்கா?"

"உத்தரவு வந்தாச்சுடா. வந்தப்புறம் என்ன பேச்சு?"

"இது உத்தரவா? அவர் போட்ட திட்டம்."

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது" என்றாள். பிறகு, "நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அந்த வீட்டில சும்மா இருக்க ஒருத்தராவது பழகணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் இருப்பு கொள்ளாதவர்கள் இப்போது இரண்டு பேரானோம்.

அத்தானால் கூடத்தில் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை. சாய்வு நாற்காலி ஒன்று வாங்கியிருந்தார், ஓய்வுக்கென்றே. அதில் உட்காருவார். நாற்காலியின் கால் ஒன்று ஆடுகிறது என்பார். கவிழ்த்துப் போட்டுச் சரிசெய்வார். மறுபடி உட்காருவார். வாசலில் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "ஏத்தினவன் சரியில்லை. பாரம் எல்லாம் ஒரு பக்கம்" என்று திரும்புவார். சாயங்காலம் 'காலாற நடக்கலாம்' என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவார். எந்தப் பக்கம் கிளம்பினாலும் கால்கள் அவரைக் கிடங்கின் எதிர்ப்புறம் கொண்டுபோய் நிறுத்தும்.

"ஆடின காலும் பாடின வாயும்னு சொல்வாங்க அத்தான்."

"நடைப்பயிற்சிக்கு இந்த ரோடுதான் நிழல்" என்பார். அந்த ரோட்டில் ஒரு மரம் கிடையாது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது வாத்துவிடம் அவர் போனில் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஜன்னல் எவ்வளவு உயரம்டா?… எங்க வீட்டைவிட ஒரு முழம் கூடவா? பிரச்சினை இல்லை. திரையில மடிப்பு இருக்கு. பிரிச்சு விட்டா போதும்."

அக்கா வேலைக்குப் போயிருந்தாள். மகள் பள்ளியில். அத்தான் ஏணியைப் போட்டுக் கூடத்துத் திரையை இறக்கினார். தரையில் விரித்து, அடித்தையலை பிளேடால் நுணுக்கமாகப் பிரித்தார். அந்த வேலையில் அவருக்கு முகம் தெளிந்திருந்தது. தையல் முழுதும் பிரிந்தது. உள்ளே ஒரு விரல் அகலத் துணி இருந்தது. அவ்வளவுதான்.

திருப்பிப் பார்த்தார். உதறிப் பார்த்தார். அடுத்த ஜன்னலுக்குப் போனார். அதிலும் விரல் அகலம். படுக்கையறை, மகளின் அறை, நான் இருந்த முன்னறை. எல்லாத் திரையும் தரைக்கு வந்துவிட்டன. எல்லாவற்றிலும் மிஞ்சிய துணி வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய ஓரம் நேராக, நிதானமாக இருந்தது. அவசரத்தில் வெட்டியதில்லை.

"தையல்காரன் ஏமாத்திட்டானா?" என்றார் என்னிடம்.

"அக்காதானே அத்தான் தைப்பா?"

அவர் பிளேடைக் கீழே வைத்தார். சமையலறைக்குப் போய் டீ போட்டார். கொதிக்கிற பாத்திரத்தை இறக்கத் துணியை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். இரட்டையாக மடித்துத் தைத்த பிடிதுணி. பச்சை இலை. அதற்கென்று ஒரு டப்பா வைத்து, 'பிடிதுணி' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். ஒரு மாதமாகத் தினமும் அதை எடுத்துத்தான் டீ இறக்கிக்கொண்டிருந்தார்.

டீ ஆறிப்போனது.

அக்கா வந்தபோது தெருவுக்கே வீட்டின் உள்பக்கம் தெரிந்தது. ஒரு ஜன்னலிலும் திரை இல்லை. நடுக்கூடத்தில் துணிக்குவியல். அதன் நடுவே ஏணி. எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் கேட்டாள்.

"என்னம்மா, வீட்டைக் காலி பண்றீங்களா?"

"எனக்குத் தெரியலைங்க. இன்னும் எங்களுக்கு உத்தரவு வரலை" என்றாள் அக்கா, நிதானமாக, உள்ளே நிற்கிறவருக்குக் கேட்கும்படி.

கதவைச் சாத்தினாள். கைப்பையை வைத்தாள். குவியலைப் பார்த்தாள். நான் நழுவப் பார்த்தேன். "நீயும் இரு" என்றார் அத்தான். எதற்கு என்று தெரியவில்லை. தூணாக நின்றேன்.

"எப்ப வெட்டினே?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"எனக்குச் சொல்லலை."

"தினம் சாயங்காலம் நீங்கதான் இழுத்து மூடறீங்க."

அத்தான் அந்த அடியை வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ஒரு நெட்டை ஜன்னல் வந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கலையா?" என்றார்.

"யோசிச்சேன். அதனாலதான் வெட்டினேன்."

வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பிரித்து மாட்டியதிலிருந்து அது லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

"எத்தனை தடவை கேட்டேன்? அணைக்கட்டுக்குப் போறோம், சரிதானேன்னு…"

"அது கேள்வியாங்க? போறோம்னு சொல்லிட்டுச் சரிதானேன்னா, அதுக்கு வேற என்ன பதில் இருக்கு? பட்டாளத்தில உங்க அதிகாரி உங்களை அப்படித்தான் கேட்டார். அதையே வீட்டுக்குக் கொண்டு வந்து என்னைக் கேட்டீங்க. சரி, அப்ப அது அவங்க உத்தரவு. உங்களைக் குறை சொல்ல முடியாது. இந்த உத்தரவு யார் போட்டது?"

அத்தான் ஏணியின் மேல் கைவைத்து அதை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"எனக்கு இன்சார்ஜ் போடறாங்க" என்றாள் அக்கா. அவள் குரல் இப்போதுதான் இறங்கியது. "அடுத்த மாசம். அஞ்சு இடத்தில விட்டுட்டு வந்துட்டேன். ஆறாவதை விட மாட்டேன். நீங்க ஓய்வு எடுங்க, வேணாங்கலை. உங்களுக்குக் கால் வலிக்குது, எனக்கு வலிக்கலை. நான் இப்பத்தான் நடக்கவே ஆரம்பிச்சிருக்கேன்."

அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னல்களில் பெட்ஷீட்டைச் செருகிக்கொண்டிருந்த மகள், "அந்த ரோட்டில நிழல் நல்லா இருந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பினார். "கிளம்பு மச்சான். வாத்துகிட்ட நேர்ல பேசணும்."

என்ன பேசப்போகிறார் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் பாரத்தையும் கண்ணால் அளந்தபடி வந்தார். நான் என் நகங்களைக் கடித்துத் தீர்த்தேன். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளாதவர் என்று அவருக்கு ஊரெல்லாம் பேர். அந்தப் பேரை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அணைக்கட்டு அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஓர் ஓசை இல்லை. வாத்து தொப்பை குலுங்க ஓடிவந்து அத்தானைக் கட்டிக்கொண்டார்.

"வாடா. எப்பக் குடி வர்றே? காலைல அணையைச் சுத்தி ஒரு நடை. அப்புறம் சீட்டு. சாயங்காலம் இன்னொரு நடை. எல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

"இங்க என்னடா இவ்வளவு அமைதி?"

"அதுக்குத்தானே வந்தோம்" என்றார் வாத்து. உடனே உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வந்தார்.

வீட்டைச் சுற்றிக் காட்டினார். இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், அதில் ஒன்றில் தூசி. ஜன்னல்களில் பழைய போர்வைகளைக் கயிற்றில் கட்டியிருந்தார். அத்தான் அவற்றின் முன்னால் நின்றார்.

"வீட்டுக்காரி எங்கடா?"

"பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. குளிர் முடிஞ்சதும் வரேன்னா. எத்தனையாவது குளிர்னு கேட்டுடாதே."

"திரையையும் எடுத்துட்டா போனா?"

"அங்கதான் அளவு சரியா இருக்காம்" என்று சிரித்தார் வாத்து. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அத்தான் வெளியே போய்க் கரையோரம் நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார். குட்டி போட்ட பூனை மாதிரி அவர் அலைவதை வாத்து வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"வரலைடா" என்றார் அத்தான், தண்ணீரைப் பார்த்தபடி.

"ஏன், வீடு பிடிக்கலையா?"

"வீட்டுக்காரிக்கு இன்சார்ஜ் வேலை வந்திருக்கு. ரத்த வங்கியில. பெரிய ஆஸ்பத்திரி." அந்த வாக்கியத்தை அவர் முதன்முறையாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அவளுக்கு வேலை இருக்கு. நான் அங்க இருக்கணும்."

"அப்ப நான் யார்கூடடா சண்டை போடறது?"

அத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கைபோட்டுக்கொண்டார். அந்த மாதத்தில் அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். கிளம்பும்போது திரைச்சீலைக் கதையை முழுதும் சொன்னார். வாத்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார்.

"லீவுக்கு வருவேல்ல? வரும்போது எனக்கும் திரைத்துணி வாங்கிட்டு வா" என்றார் வாத்து. "வெட்டாமக் கொண்டா. அவ வந்து வெட்டிக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில், "தரையில போட்டுப் பார்த்தப்ப எல்லாச் சட்டமும் கோத்துச்சு மச்சான்" என்றார் அத்தான். "அந்தக் கரையில யார் இருக்கான்னு பார்க்க மறந்துட்டேன்."

"அப்ப நாற்பத்தஞ்சு?"

"வயசு வரட்டும். அதை யார் நிறுத்த முடியும்? வேலையை விடறதா வேண்டாமான்னு உன் அக்காவைக் கேக்கறேன்." ஒரு லாரி கடந்து போனதும், "கேள்வியாவே கேக்கறேன்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் இறங்கினார். மரத்தில் செய்த திரைக்கோல்கள் வாங்கினார். ஒரு டிரில்லிங் மிஷினும் வாங்கினார். எங்கெங்கோ ஆற்றுக்கு மேல் இரும்பைக் கோத்தவர், ஒரு வீட்டுச் சுவரில் துளை போட்டதில்லை. அக்கா வேலை முடிந்து வருவதற்குள் கூடத்து ஜன்னலையாவது முடித்துவிட வேண்டும் என்று ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் மெதுவா அத்தான்."

"பாறையில போட்டிருக்கேன் மச்சான். இது சுவர்."

பாறைக்குக் கொடுக்கும் அழுத்தத்தை அவர் சுவருக்குக் கொடுத்தார். மிஷின் உறுமியது. முதலில் பொடி உதிர்ந்தது. பிறகு ஒரு தேங்காய் அளவுக்குக் காரை பெயர்ந்து என் தோளில் விழுந்து, சாய்வு நாற்காலியில் சிதறியது. ஜன்னலுக்கு மேல் கை நுழைகிற பள்ளம். செங்கல் பல்லிளித்தது.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். திரைக்கோல்களைப் பார்த்தாள். ஏணியின் உச்சியில் தலையெல்லாம் வெள்ளையாகி, ஒரே நாளில் முழுதும் நரைத்துப்போன கணவரைப் பார்த்தாள்.

"இந்தச் சுவரை எப்படிங்க ஒப்படைக்கிறது?"

"யார்கிட்ட?" என்றார் அத்தான்.

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் அத்தான் இறங்கிவிட்டார்.

"சிமென்ட் வாங்கிட்டு வந்துடறேன். கடை மூடிடுவான்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். ஒரு காலில் அவர் செருப்பும் இன்னொரு காலில் என் செருப்பும் இருந்தன.